51 பெகாசி பார்க்க மேல்மலையில் நல்ல இடம் எது?

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு 51 பெகாசி நட்சத்திரத்தைக் காட்டணும், உங்க உதவி வேணும்.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிவரும் கோளை முதன்முதலாகக் கண்டுபிடித்தது அங்கேதான். 1995-ல் சுவிஸ் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் கண்டார்கள். 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கோளுக்கு ஒரு வருஷம் என்பது நாலேகால் நாள்தான்!

தொலைவு சுமார் 50 ஒளியாண்டு. பொலிவெண் (எண் கூடக் கூட மங்கல்) 5.5, அதாவது வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லைக்குப் பக்கத்தில். நம்ம சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் இதைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். இதை நினைச்சாலே எனக்குச் சிலிர்க்குது. இவ்வளவு மங்கலில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. அதன் மஞ்சள் நிறத்தைப் பார்க்க பைனாகுலராவது வேணும்.

தேடுவது சுலபம். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஏறக்குறைய நடுவில், கோட்டுக்குச் சற்று மேற்கே. டிசம்பர் நடுவில் இரவு ஏழு மணிக்கு உச்சியிலிருந்து மேற்கே லேசாகச் சாய்ந்திருக்கும்.

மன்னவனூர், கூக்கால் பக்கம் இருப்பவங்க சொல்லுங்க: விடுதி விளக்குகள் கண்ணில் படாத, பிள்ளைகளோடு பத்திரமாக நிற்கக்கூடிய திறந்த மேடு எங்கே இருக்கு? அந்த நேரத்தில் மேகம் இறங்காமல் இருக்குமா? யாரிடமாவது 10x50 பைனாகுலர் இருந்தால் ஒரு ராத்திரிக்கு இரவல் தர முடியுமா? பனியில் லென்ஸ் மங்காமல் இருக்க நீங்க என்ன செய்றீங்க என்பதையும் எழுதுங்க. அமாவாசையை ஒட்டிப் போகலாம்னு இருக்கோம்.