எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தை எவ்வாறு திருத்துவது?

கேள்வி:
எமது பழைய மண்டபத்தை மீண்டும் வாசிகசாலையாகத் திறக்க விரும்புகிறோம். முருகைக்கற் (பவளப்பாறைக் கல்) சுவரின் சுண்ணாம்புச் சாந்தின் மேல் பிற்காலத்தில் பூசிய சீமெந்து, விரலால் தட்டினால் வெற்றொலி எழுப்பி, உப்புப் பூத்து உதிர்கிறது. திரும்பவும் சீமெந்தே பூசலாமா?

பதில் 1:
வேண்டாம், ஐயா. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே ஆவியாகிவிடும். சீமெந்து அதனை உள்ளே அடைத்துவிடுவதால் கல்லே அரிபடுகிறது. மாரி முடிந்ததும் சீமெந்தை உளியால் மெல்ல அகற்றி, கோடை முழுவதும் சுவரை உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பையும் உப்பற்ற மணலையும் கலந்து மெல்லிய படைகளாகப் பூசுங்கள்.

பதில் 2:
அதற்கு முன் கூரையைப் பாருங்கள். பனஞ்சிலாகைகள் (கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்கள்) சுவருக்குள் புதையும் நுனியைக் கறையான் தின்றிருக்கலாம்.

பதில் 3:
பிரதேச சபையின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் 2003 இல் மீண்டும் திறந்ததைக் கண்டவர்கள் நாம். உங்கள் மண்டபமும் திறக்கட்டும். பத்திரிகை மேசையை வாசலருகே போடுங்கள், முதியவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள்.