உபின் போக ஐவருக்கும் ஒரே நிறம்: எந்தத் துணி, எந்தத் தையல்?

அங் மோ கியோ தோழி (கேள்வி):

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு. இப்போது எல்லாருக்கும் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது. ஜூன் விடுமுறையில் வீட்டைக் கணவன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க புலாவ் உபின் தீவுக்குப் போகப் போகிறோம். காலையில் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக், அப்புறம் பம்போட் படகு, தீவில் சைக்கிள், செக் ஜாவா சதுப்பு நிலம். மாலையில் திரும்பி வந்து எங்காவது ஏசியில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசுவது.

எல்லாரும் ஒரே நிறத்தில் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் ரொம்ப ஆசை. பள்ளிச் சீருடைக்கு அப்புறம் நாங்கள் ஐவரும் ஒரே மாதிரி உடுத்தியதே இல்லை. ஆனால் எங்களில் ஒருத்தி துடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி) போடுபவள், கையும் காலும் முழுக்க மறைய வேண்டும். இன்னொருத்திக்குச் சல்வார் தவிர வேறெதுவும் பழக்கமில்லை. ஒருத்திக்கு முழங்கால் வலி. எனக்கோ மாதவிடாய் நிற்கிற நேரம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது.

ஐந்தாமவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தைராய்டு வந்த பிறகு உடம்பு பெருத்துவிட்டது. கொஞ்ச காலமாக எங்களோடு எங்கும் வருவதில்லை. "என் அளவுக்கு எதுவும் கிடைக்காதுடி, நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். ஒரு கடையில் உடை போட்டுப் பார்க்கிற அறையில் சட்டை கையில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, உள்ளேயே நின்று அழுதேன் என்று ஒரு நாள் சொன்னாள். வகுப்பில் எங்களை அதிகம் சிரிக்க வைத்தவள் அவள். அவள் இல்லாமல் போக எனக்கு மனமே இல்லை.

இத்தனை பேருக்கும் பொருந்துகிற மாதிரி என்ன துணி வாங்கலாம்? ரெடிமேடா, தைத்துக்கொள்வதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சைக்கிள் பைத்தியம்:

உடைக்கு முன்னால் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உடையை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜுக்குப் போகும். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் பம்போட் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறும்போது காலை உயர்த்தி வைத்து இறங்க வேண்டும், அதனால் இறுக்கமான பாவாடை வேண்டவே வேண்டாம்.

சைக்கிளில் அகலமான பலாஸோ பேண்ட் ஆபத்து, சங்கிலியில் சிக்கும். கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த பேண்ட் அல்லது சுடிதார் நல்லது. துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள், சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கழுத்துக்கே வினை. முழங்கால் வலி உள்ளவர் சைக்கிள் ஓட்டத் தேவையே இல்லை, படகுத்துறைப் பக்கத்திலேயே வேன் வாடகைக்குக் கிடைக்கும்.

செக் ஜாவா வாசலோடு சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நடக்க வேண்டும். பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கடலோரப் பகுதியில் நிழலே கிடையாது, தொப்பி கட்டாயம். நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள், அப்போதுதான் நண்டும் சேற்றில் துள்ளும் மீனும் கண்ணில் படும். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.


ஊசி நூல்:

தங்கச்சி, நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பெண்களுக்குத் தைக்கிறவள். உங்கள் கேள்வியை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், அதிலிருந்து இதே யோசனைதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சிங்கப்பூர் வெயிலை எல்லாரும் திட்டுகிறோம். 2023 மே 13 அன்று உங்கள் அங் மோ கியோவில்தான் 37 டிகிரி பதிவானது, உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் நம்மை அன்றாடம் வாட்டுவது புழுக்கம். காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை காய்வதில்லை, உடம்பிலேயே நிற்கிறது. அதனால் துணி வேர்வையை உறிஞ்சினால் மட்டும் போதாது. உடம்பை ஒட்டாமல் விலகி நிற்க வேண்டும், உள்ளே காற்று போய் வர வேண்டும். துணி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வெட்டு. விலை உயர்ந்த லினனை இறுக்கித் தைத்தால் யாருக்கும் சுகமில்லை.

துணிக்கு வருகிறேன். மல் காட்டன் தொட மென்மையாக இருக்கும், ஆனால் வேர்த்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது தெரியும். கொஞ்சம் சொரசொரப்பான கைத்தறிப் பருத்தி நல்லது. லினன் இன்னும் சீக்கிரம் காயும். கசங்கும்தான், கசங்கட்டும். ரேயான் கடையில் தொட்டுப் பார்க்கும்போது குளுகுளுவென்று ஆசை காட்டும். நனைந்தால் கனத்துத் தொங்கும், வலுவும் குறையும். சைக்கிளில் இழுபட்டால் தையலோரம் விட்டுப்போகும். கடையில் கிடைக்கிற ஜார்ஜெட் பெரும்பாலும் பாலியெஸ்டர், வேர்வையை உறிஞ்சவே உறிஞ்சாது. காட்டன் என்று சொல்லிக் கலப்புத் துணி கொடுத்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாடை வந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலோடு கட்டியும் விரலில் தட்டும்.

வெயில் படுகிற துணியை வாங்கும்போது விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் புறஊதாக் கதிரும் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் நனைந்துவிட்டால், தோலைக் காப்பாற்றாது. நெருக்கமான நெசவும் கொஞ்சம் அடர்ந்த நிறமும் நல்லது.

நிறம்: சாம்பல், வெளிர் நீலம், பீச் மூன்றும் வேண்டாம், அக்குளிலும் முதுகிலும் ஈரம் படம் போட்டுக் காட்டும். கருநீலமோ, சிறிய புள்ளியும் பூவும் நிறைந்த அச்சோ வேர்வையை மறைக்கும். எனக்குப் பிடித்த யோசனை ஒன்று சொல்லட்டுமா? மதுரைச் சுங்குடி. தேக்கா மார்க்கெட் மாடியில் பருத்திச் சேலைகளைத் தேடிப் பாருங்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதில் ஒருவருக்கு ஒரு மேலுடையும் தோளில் போட ஒரு துண்டும் தாராளமாக வரும். ஒரே நிறக் குடும்பத்தில் ஐந்து சேலை எடுத்தால் புள்ளி வேறு வேறாக இருந்தாலும் சேர்ந்து நிற்கும்போது அழகாக இருக்கும். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாலையில் எம்ஆர்டி ஏசியில் ஈர முதுகோடு உட்காரும்போது போர்த்திக்கொள்ள அதுதான் வேண்டும்.

இனி உங்கள் ஐந்தாமவள். அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, அந்தச் சட்டையின் வெட்டுதான் அவளுக்குச் சரியில்லை. ரெடிமேடில் பல கடைகள் ஒரு சிறிய அளவை வரைந்து அதையே பெரிதாக்கிக்கொண்டு போகின்றன. மார்பு பெருத்தவருக்கு மேல்கை எவ்வளவு, தோள் எவ்வளவு என்று தனியாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் மார்பு சரியாக இருக்கும்போது கை மாட்டிக்கொள்கிறது. தைக்கும்போது மேல்கையைத் தனியாக அளந்து, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இழுக்காது. இது நான் கண்டுபிடித்ததில்லை. மலாய்க்காரர்களின் பாஜு கூரோங் உடையில் காலங்காலமாக இருக்கிறது, கேக்கேக் என்பார்கள். எந்த உடம்புக்கும் பொருந்துகிற, புழுக்கத்துக்கு ஏற்ற வெட்டு. இந்த மண்ணின் வெயிலில் வாழ்ந்தவர்கள் செய்து வைத்தது. நான் என் சுடிதார்களிலும் வைத்துத் தைக்கிறேன்.

அளவெடுக்க அவளைக் கூட்டமாக அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் அவளோடு போங்கள். அளவை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்ளும்படி தையல்காரரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். நல்ல தையல்காரர் புரிந்துகொள்வார்.

உங்களுக்கு முன்பக்கம் முழுக்கப் பித்தான் வைத்த சட்டை. உள்ளே கையில்லாத மெல்லிய பருத்தி பனியன். உடம்பு கொதிக்கும்போது மேல் சட்டையைத் திறந்துவிடலாம், அடங்கினால் பூட்டிக்கொள்ளலாம். லைனிங் கேட்டு சாட்டின் வைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றால் மல் துணியே லைனிங்காகப் போதும். எல்லாருக்கும் பக்கவாட்டில் பை வைக்கச் சொல்லுங்கள், உபினில் கைப்பை ஒரு தொல்லை.


பூன் லே:

நான் உங்கள் ஐந்தாமவள் இடத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன். மேலே அக்கா சொன்ன தையல் யோசனை அருமை. ஆனால் ஒரே நிறம் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது படம் எடுப்பார்களே என்ற பயம். ஐந்து பேரும் ஒரே உடையில் வரிசையாக நின்றால் பார்க்கிறவர்கள் கண் தானாக உடம்பை ஒப்பிடும். நிறம் ஒன்று, வெட்டு வேறு வேறு என்றால் அந்த ஒப்பீடு வராது. தயவுசெய்து ஐந்து பேருக்கும் ஒரே டிசைன் தைக்காதீர்கள்.

இன்னொன்று. நிறத்தை முடிவு செய்துவிட்டு அவளிடம் சொன்னால் அவள் கழன்றுகொள்வாள். முதலில் அவளிடம் போய் நிறத்தை நீயே சொல்லு என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி எனக்கு அப்படிச் செய்தாள். அன்றைக்கு நான் போனேன்.

உள்ளே தொடைவரை வருகிற மெல்லிய சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தப் புழுக்கத்தில் நடக்க நடக்கத் தொடை உரசிப் புண்ணாகும், பெரிய உடம்புக்காரிகள் இதை யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுவோம். உபின் அவளுக்கு மலைப்பாக இருந்தால் முதலில் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். அனுமதி இலவசம், காலை 5 மணிக்கே திறந்துவிடும், மர நிழல், கால் வலித்தால் உட்கார இடம்.


பிடோக் ரிசர்வார் அம்மா:

நான் துடோங் போடுபவள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடைக்குப் பருத்தி பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுத் தலைக்கு ஷிஃபான் போட்டால் ஒரு பயனும் இல்லை, தலையில் சூடு அப்படியே நிற்கும். சதுரமான பருத்தி வாயில் (voile) துணி போதும், சற்று விறைப்பாக இருப்பதால் கன்னத்தோடு ஒட்டாது. உள்தொப்பி ஜெர்சியில் வேண்டாம், பருத்தியில் பின்னால் கட்டுகிற வகை வாங்குங்கள். காற்று அடிக்கும் என்பதால் படகில் ஒரு ஊசி கூடுதலாகக் குத்திக்கொள்ளட்டும். மாற்றிக்கொள்ள இன்னொரு துடோங் பையில் இருக்கட்டும், மதியம் காய்ந்ததைக் கட்டும்போது கிடைக்கிற சுகம் இருக்கிறதே, சொல்லி மாளாது. கூட நடக்கும் தோழிகள் தண்ணீர் குடிக்க நிழலில் அடிக்கடி நின்றால் போதும், "உனக்கு வேர்க்கலையா" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.


அங் மோ கியோ தோழி:

எல்லாருக்கும் மனசார நன்றி. பூன் லே அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று இரவே அவளைக் கூப்பிட்டேன். நிறத்தை நீ சொல்லு என்றதும் ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம் "கருநீலம், ஆனா படத்தை எங்கயும் போடக்கூடாது" என்றாள். போடமாட்டோம், நான்கு பேருமே வாக்குக் கொடுத்துவிட்டோம். நேற்று தேக்கா மாடியில் நானும் அவளும் மட்டும் போய்க் கருநீலத்தில் ஐந்து பருத்திச் சேலை எடுத்தோம். மூன்று சுங்குடி, இரண்டு சாதாரணக் கைத்தறி. வேண்டாம் வேண்டாம் என்றவள் மற்ற நால்வருக்கும் அவளே பார்த்துப் பார்த்து எடுத்தாள். வரும்போது கீழே உட்கார்ந்து கோப்பி குடித்தோம், பழைய பேச்செல்லாம் வந்தது.

முழங்கால் வலிக்காரியும் அவளும் வேனில் செக் ஜாவா வருவார்கள், நாங்கள் மூவர் சைக்கிள். ஊசி நூல் அக்கா, ஒரு சந்தேகம். சேலை சாயம் போகுமோ? துண்டும் அதே சேலையில் என்பதால் வேர்வையில் கழுத்தெல்லாம் நீலமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


ஊசி நூல்:

போகும் தங்கச்சி, கருநீலம் முதலில் சாயம் விடத்தான் செய்யும். ஐந்தையும் தனித்தனி வாளியில் பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். சோப்பில்லாமல் அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். நிழலில் காய வையுங்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நீலம் ஒட்டினால் இன்னொரு முறை. வெட்டுவதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும், பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அவளுக்கு மறுபடியும் கை மாட்டிக்கொள்ளும். ஜூன் நெருங்கும்வரை வைத்திருக்காமல் இந்த வாரமே தைக்கக் கொடுங்கள். ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்த நாள் வேண்டும். போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், சைக்கிள் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். முதுகில் இழுத்தால் அங்கேயே குறித்துக்கொண்டு பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.