எஸ்டேட் சபையில் உபதேசியார் திருவிருந்து நடத்தினால் என்ன?

மூணாறு_லயம்:
ஏழு எஸ்டேட் சபைக்கு ஓர் ஆயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுக்கு இரண்டு ஆராதனை நடத்தினாலும் மாதம் ஒருமுறைதான் ஒரு சபைக்குத் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ராப்போஜனம். கர்க்கடக மழையில் மண் சரிந்தால் அதுவும் போச்சு. பிரசங்கம், அடக்கம் எல்லாம் குருப்பட்டம் இல்லாத ஊழியரான உபதேசியார்தான். அப்பம் பிட்கும்போது மட்டும் அவர் கை ஆகாதா?

நெய்யாற்றங்கரை:
தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) சட்டப்படி பேராயரோ ஆயரோதான் நடத்த வேண்டும். சும்மா எழுதின விதி இல்லை பிரதர். சிஎஸ்ஐ-யாக இணையவிருந்த தரப்புகளில் ஒன்றான தென்னிந்திய ஐக்கிய சபை 1930-களில் இதைத்தான் கேட்டது, ஆங்கிலிக்கன் தரப்பு இறங்கி வரவில்லை. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்புப் பேச்சு முடிய 28 வருஷம் ஆனது இப்படிப்பட்ட முடிச்சுகளால்.

பாறசாலை_எல்எம்எஸ்:
முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1947 செப்டம்பர் 27, சென்னையில் சிஎஸ்ஐ உதயமான நாள். தலைமை, நம்ம திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப். பேராயர் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் தராத மெதடிஸ்ட், எல்எம்எஸ் (லண்டன் மிஷன்) ஆயர்மாரை மறு குருப்பட்டம் இல்லாமல் அப்படியே ஏற்றார்கள். அந்தச் சலுகைக்கு 30 வருஷம் தவணை.

நெய்யாற்றங்கரை:
அவர்கள் அவரவர் சபையில் ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்கள். உபதேசியார் அப்படியா? அந்தச் சலுகையே பொறுக்காமல் ஆந்திராவில் நந்தியால் பக்கம் ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதி சேராமல் நின்றது. 1970-ல் வட இந்தியத் திருச்சபை ஆரம்ப நாளிலேயே எல்லாத் தரப்பு ஆயர்மேலும் கை வைத்து ஊழியத்தை ஒன்றாக்கியது. இப்போது நாம் விதியைத் தளர்த்தினால் நம்மோடு திருவிருந்து உறவுள்ள மார்த்தோமா சபைக்காரர் நம் பந்தியில் உட்காருவாரா?

பாறசாலை_எல்எம்எஸ்:
1976-ல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தோம். 2013-ல் புஷ்பலலிதா அம்மா பேராயர் ஆனார், அதுவும் அதே நந்தியாலில். மார்த்தோமாவில் பெண் ஆயர் கிடையாது. அதற்காக உறவு அறுந்ததா?

மறையூர்_கரும்பு:
இதற்கு நடுவில் ஒரு வழி உண்டு. தாய்ச்சபையில் காலையில் ஆயர் அர்ப்பணித்த அப்பரசத்தை அன்றைக்கே உபதேசியார் கொண்டுபோவது. பேராயரின் எழுத்து அனுமதி முதலில். 40 பேருக்குச் சின்னக் கப்பில் 5 மில்லி வீதம் 200, சிந்தலுக்குச் சேர்த்து 250 மில்லி. காய்ச்சின திராட்சரசத்தைத் திறந்து வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளிக்கும், அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள். பிரெட் துண்டு மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வேஃபர் நல்லது. உபதேசியார் 'இது என் சரீரம்' என்ற ஸ்தாபன வார்த்தையை மறுபடி சொல்லக்கூடாது, சொன்னால் அவரே நடத்தினது மாதிரி. மிஞ்சினதை அங்கேயே உட்கொண்டு முடிக்க வேண்டும்.

பாறசாலை_எல்எம்எஸ்:
பார்சல் ராப்போஜனம்! ஜனம் அப்படித்தான் சொல்லும். அதைவிட, இருபது வருஷம் ஊழியம் செய்த உபதேசியாருக்குச் சம்பளமில்லாக் கௌரவ ஆயராகக் குருப்பட்டம் கொடுத்துவிடலாமே. பேராயர் கையும் பட்டாச்சு, விதியும் உடையாது.

நெய்யாற்றங்கரை:
இது சரி. ஆனால் சிக்கல் இரண்டு. சேகர (சபை வட்டார) ஆயருக்கு டிரான்ஸ்ஃபர் உண்டு, இவருக்கு இல்லை. உள்ளூர்க் கோஷ்டிச் சண்டையில் மாட்டினால் மாற்ற வழியில்லை. இரண்டாவது பெரிசு: ஆயர்மாருக்குப் பேராய மன்றத்தில் ஓட்டு உண்டு. எலெக்‌ஷனுக்கு முந்தின மாதம் ஏழு பேருக்குக் குருப்பட்டம் நடந்தால் யார் சும்மா இருப்பார்கள்?

மூணாறு_லயம்:
அப்போ ஓட்டில்லாத ஆயர் என்று போடுங்கள்.

நெய்யாற்றங்கரை:
ஒரே சபையில் இரண்டு வகை ஆயரா? அது கூடாதென்றுதானே அந்த 30 வருஷத் தவணையே போட்டார்கள்!