மாரியோ மூன்றாம் பாகம்: கோட்டைக்குள் தொம்மென்று விழும் கல்லைக் கடப்பது எப்படி?

மன்னைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொண்ணூறுகளில் மன்னார்குடியில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. அவர்களிடமிருந்த கேசட்டில் மாரியோ என்னும் வீரனை ஓடவும் தாவவும் வைக்கும் ஆட்டத்தின் முதல் பாகம் மட்டுமே ஓடியதால், மூன்றாம் பாகமான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3ஐ நாற்பது வயதைக் கடந்த பிறகு, இப்போதுதான் மகளோடு சேர்ந்து நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கேம் கருவியில் ஆடிவருகிறேன். கோட்டைகளுக்குள் கூரையை ஒட்டி நின்று முறைக்கும் த்வாம்ப் என்னும் பெருங்கல்லிடம்தான் இருவரும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு ஓடுகிறாள். சில முறை தப்புகிறாள், பல முறை நசுங்குகிறாள். தீயுருண்டையை வீசிப் பார்த்தோம், அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அந்தக் கல் ஏதேனும் கணக்கு வைத்துக்கொண்டு விழுகிறதா, அல்லது நம்மைப் பார்த்து விழுகிறதா? அதை அழிக்க வழி உண்டா?

குடந்தை மடத்துத்தெரு எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் மகள் எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது, ஏனெனில் மூன்றாம் பாகத்தில் மேலிருந்து விழும் த்வாம்புக்குக் காலக்கணக்கே கிடையாது. மாரியோ தனக்குப் பக்கவாட்டில் எவ்வளவு தொலைவில் நிற்கிறான் என்பதை மட்டுமே அது பார்க்கிறது. தொலைவில் நின்றுகொண்டு நூறு வரை எண்ணினாலும் அது அசையாது; குறிப்பிட்ட எல்லைக்குள் ஓரடி வைத்துவிட்டால், நீங்கள் எண்ணி முடித்தீர்களா இல்லையா என்று கேட்காமல் விழுந்துவிடும்.

ஆகவே அதை ஏமாற்றி முதலில் விழவைத்துவிட வேண்டும். எல்லைக்குள் மெல்ல நுழைந்து, அது கிளம்பியதும் உடனே பின்வாங்குங்கள். தரையில் மோதியபின் சிறிது நேரம் அங்கேயே கிடக்கும். பிறகு, விழுந்த வேகத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லாமல், மதகுப் பலகையைக் கையால் சுற்றித் தூக்குவதுபோல நிதானமாக மேலேறும். அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது நேர் கீழேயே போய் நின்றாலும் அது திரும்ப விழாது, பழைய இடத்தை அடைந்த பிறகுதான் மறுபடி உங்களைக் கவனிக்கத் தொடங்கும். நீங்கள் கடக்க வேண்டிய நேரம் அதுதான். சிறிய மாரியோவுக்கு ஒரு கட்டை உயரமே போதும் என்பதால் அவன் முன்னதாகவே நுழைந்துவிடலாம். பெரிய மாரியோவாக இருந்தால் இரண்டு கட்டை உயரத்துக்கு அது ஏறும்வரை பொறுக்க வேண்டும். காளான் தின்று வளர்ந்தவனுக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் வளர்ச்சி இடைஞ்சல் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

இரண்டு கற்கள் அடுத்தடுத்து இருந்தால் மட்டும் கவனம் தேவை, ஏனெனில் ஒன்றிடமிருந்து ஒதுங்கும் அவசரத்தில் மற்றொன்றின் எல்லைக்குள் கால் வைத்துவிடுவோம். பக்கவாட்டிலும் சாய்வாகவும் நகரும் த்வாம்புகளும் இந்தப் பாகத்தில் உண்டு. அவற்றுக்கு இந்த உபாயம் பொருந்தாது, போகும் வழியைப் பார்த்துத்தான் தாண்ட வேண்டும்.

மன்னைவாசி எழுதியது:

மிக்க நன்றி. இதை நான் வாசித்துக் காட்டியபோது அருகில் இருந்த என் தாயார், "உலக்கை மேலே போகும்போதுதானே நெல்லைத் தள்ளிவிடக் கையை உள்ளே விடுவோம், இதற்கு ஒரு கேள்வியா?" என்று கேட்டுவிட்டார்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அழிக்க வழி உண்டா என்ற கேள்வி விடுபட்டுவிட்டதால் அதற்கு மட்டும் எழுதுகிறேன். உண்டு. இதே பாகத்தில் அரிதாகக் கிடைக்கும் சுத்தியல் உடையை அணிந்து சுத்தியலை வீசினால், தீயுருண்டைக்கு அசையாத த்வாம்பும் விழுந்துவிடும். ஆனால் அவ்வளவு அரிய உடையை ஒரு கல்லுக்காகச் செலவிடுவது, என் கருத்தில், கொசுவை அடிக்கக் கடப்பாரை எடுப்பதற்குச் சமம்.

1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டை ஆடினால் உங்கள் மகளுக்கு இன்னும் எளிதாக இருக்கும். அதில் நீங்கள் ஓரளவு நெருங்கியதும் த்வாம்பின் முகம் மாறி உங்களைக் கவனிக்கத் தொடங்குவது தெரியும். மேலும் நெருங்கினால்தான் சினந்து விழும். அதாவது விழுமுன் எச்சரிக்கிறது. சுழன்று குதித்தால் அதன் தலைமேல் பட்டுத் தீங்கின்றி எழும்பிவிடவும் முடியும், ஆனால் அது அழியாது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானிய மூலத்தில் இதன் பெயர் டொஸ்ஸுன். கனமான பொருள் விழும் ஓசையைக் குறிக்கும் சொல் அது. நாம் தொம்மென்று விழுந்தது என்கிறோமே, அதே வகை. தொம்மன் என்று தமிழில் அழைத்தால் தவறில்லை என்றே நினைக்கிறேன். பாறையே இல்லாத வண்டல் மண்ணில், பெரிய கோயிலுக்கே வெளியிலிருந்து கல் கொண்டுவர நேர்ந்த தஞ்சையில் வளர்ந்த நமக்கு, கல் தலையில் விழும் என்ற அச்சத்தைக் கற்றுக்கொடுத்தது இந்தத் தொம்மன்தான்.

கடைமடை எழுதியது:

மேலே குடந்தை நண்பர் சொன்ன விதி மூன்றாம் பாகத்துக்குச் சரி. அதை எல்லா மாரியோவுக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64இல் த்வாம்ப் உங்களைப் பார்ப்பதே இல்லை. யாரும் அருகில் இல்லாவிட்டாலும் ஏறும், சற்று நிற்கும், விழும், மறுபடி ஏறும். நிற்கும் நேரம் மட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது கூடும் அல்லது குறையும். ஆகவே அம்மாவின் உலக்கைக் கணக்கு முழுமையாகப் பொருந்துவது அந்த ஆட்டத்துக்குத்தான். அங்கே ஏமாற்றி விழவைக்க முயன்று நான் பல உயிர்களை இழந்திருக்கிறேன். அதற்குப் பதிலாக அதன் தலைமேல் ஏறி நிற்கலாம். பெரிய கடிகாரத்துக்குள் அமைந்த கட்டத்தில் ஒரு நட்சத்திரத்தை எடுப்பதற்கு அப்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

மன்னைவாசி எழுதியது:

நேற்றிரவு முயன்றோம். எல்லைக்குள் ஓரடி, உடனே பின்னால், கல் ஏறத் தொடங்கியதும் ஓட்டம் என்று மகள் ஐந்து முறை தொடர்ந்து கடந்துவிட்டாள். அதே கோட்டையில், முகத்தைப் பார்த்தால் நின்றுவிடும், திரும்பினால் துரத்தும் வெள்ளைப் பேயிடம் இப்போது நிற்கிறோம். தொம்மனை விழவைத்துவிட்டுப் பின்வாங்கும்போது பேய்க்கு முதுகைக் காட்ட நேர்வதால் இரண்டும் ஒன்றாக வரும் இடத்தில் எதை முதலில் கவனிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.