110 நிமிடம் நின்றவன் கேட்கிறேன்: காசு கொடுத்து முந்துவது நியாயமா?

ராட்டினப்பித்தன்:
போன சனிக்கிழமை எட்டு வயது மகளோடு ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஆறு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ரோலர் கோஸ்டரின் வாசல் பலகையில் 45 நிமிடம் என்று போட்டிருந்தது. ஏறும்போது 110 நிமிடம் ஆகியிருந்தது.

நின்றதுகூடப் பரவாயில்லை. ஏறுமிடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு வரிசைகள் சேர்கின்றன. எங்கள் பக்கம் சங்கிலி போட்டிருந்தது. அடுத்த வழியில், தனியாகக் காசு கொடுத்துப் பாஸ் வாங்கி, போனில் நேரம் குறித்து வைத்திருந்தவர்கள் நிற்காமல் நடந்தே வந்தார்கள். மகள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் 40 பேர் போனால் எங்கள் பக்கம் 8 பேர். பச்சைத் தொப்பி போட்ட பையன் ஒருவன் அரை மணி நேரத்தில் இரண்டாவது தடவை வந்தான். "அப்பா, தொப்பி அண்ணன் மறுபடியும் வந்துட்டான். அப்ப நாம எதுக்கு நிக்கிறோம்?" என்றாள். பதில் தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

காசுள்ளவர் வசதி தேடுவதில் எனக்குப் புகார் இல்லை. ரயிலில் ஒருவர் ஏசி பெட்டியில் ஏறினால் என் பெட்டி தாமதமாகப் போய்ச் சேராது. இங்கே அவர் வாங்குவது என் நேரத்தை அல்லவா? நான் விற்கவே இல்லையே! தப்பாக யோசிக்கிறேனா?

பழைய கேட் ஆள்:
அண்ணே, அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சீசன் நின்றவன் நான். வேறு பூங்காதான், ஆனால் கணக்கு எங்கேயும் ஒன்றுதான்.

ரைடு மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது, உங்களுக்கு முன்னால் 600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸே இல்லையென்றால் அரை மணி. மணிக்கு 300 பாஸ் கொடுத்தால் உங்கள் வரிசைக்கு மிஞ்சுவது 900 இடம், 40 நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் உறைக்காது. அதுவே 900 பாஸ் கொடுத்தால் மிச்சம் 300 இடம்தான். அதே 600 பேருக்கு இரண்டு மணி நேரம்! போனில் வரிசை பிடித்தால் ரைடில் ஒரு சீட்டுகூட அதிகமாகாது. நிற்காமல் சுற்றுகிறவரும் உங்களுக்கு முன்னால்தான் இருக்கிறார், உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பலகை வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்காது. ரைடு நடுவில் நின்றதா? நின்றிருந்தால், அந்த நேரத்துக்குப் பாஸ் வைத்திருந்த அத்தனை பேரும் ரைடு திறந்ததுமே ஒன்றாக வந்து நிற்பார்கள். முதலில் அவர்களை ஏற்றிவிடு என்பதுதான் எங்களுக்கு உத்தரவு. எண்ணுகிற கருவியை அமுக்கிக்கொண்டே அங்கே 20, இங்கே 4 என்று விடுவேன். நாலாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் கையை நீட்ட வேண்டும். அப்போது ஐந்தாவது ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்காமல் இருக்க முடிந்ததே இல்லை.

கடைசி சீட்:
ஒரு சின்ன வரலாறு. டிஸ்னி தன் பூங்காக்களில் 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் கொண்டுவந்தபோது அது இலவசம். நுழைவுச்சீட்டை இயந்திரத்தில் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட துண்டுச்சீட்டு வரும். எல்லோருக்கும் ஒரே விதி, விடியற்காலையில் வந்தவருக்கு லாபம். 2021-ல் ஜீனி பிளஸ் என்று கட்டணம் வந்தது. 2024-ல் அதுவே லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற அமெரிக்கப் பூங்காக்கள் 2021-க்கு வெகு முன்பே காசு வாங்க ஆரம்பித்தன. 2000-களின் தொடக்கத்திலேயே கியூ-பாட் என்று கையடக்கக் கருவி ஒன்று கொடுத்தார்கள், உங்கள் முறை வந்தால் அது சொல்லும். பின்னால் அதில் படிகள் வந்தன. அடிப்படைப் பாஸில் காத்திருக்கும் நேரம் மற்றவர்களுக்கு இருந்ததுதான், கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே. அதற்குக் காசு கேட்டால் எனக்கு ஆட்சேபமில்லை, யாரும் யாரையும் முந்தவில்லையே. அதற்கு மேல் கோல்டு, பிளாட்டினம் என்று நேரத்தையே பாதியாகவும் பத்தில் ஒரு பங்காகவும் குறைத்தார்கள். ராட்டினப்பித்தன் சொல்வது அந்தப் படிகளுக்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே பெயரில் விற்றதால்தான் பாதிக் குழப்பம்.

வருஷம் ஒருமுறை:
நான் பாஸ் வாங்கினேன். மாமியாருக்கு முழங்கால் வலி, எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை. ஆனால் திரும்ப வரும்போது அந்தச் சங்கிலிப் பக்கம் நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரட்டையர் அம்மா:
அந்த வழியில் வருகிறவர்கள் எல்லோரும் காசு கொடுத்தவர்கள் இல்லை. என் பையன்களில் ஒருவனுக்கு ஆட்டிசம். நெருக்கியடிக்கும் வரிசையில் பத்து நிமிடம் தாங்க மாட்டான். சிறப்புத் தேவைக்கான அனுமதியில் போகிறோம். வெளியே ஒரு மர நிழலில் எங்கள் நேரம் வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். சங்கிலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியாது, முறைப்பார்கள்.

இதையும் காசாக்கியவர்கள் உண்டு. டிஸ்னியில் வசதியான சிலர் மாற்றுத்திறனாளிகளை வழிகாட்டி என்று வாடகைக்கு அமர்த்தி முந்துகிறார்கள் என்று 2013-ல் செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய அனுமதி அட்டையை எடுத்துவிட்டு, திரும்பி வர நேரம் குறித்துக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். யாரோ செய்ததற்கு நாங்கள் இன்னும் ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மகள் எண்ணிய 40 பேரில் எங்களைப் போல நாலு பேர் இருந்திருக்கலாம் சகோ.

ராட்டினப்பித்தன்:
கேட் ஆள் சொன்னது சரி. நடுவில் கால் மணி நேரம் ரைடு நின்றது, எழுத மறந்துவிட்டேன். அக்கா, உங்கள் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை, மன்னிக்கவும்.

அன்றைக்கு அந்த ரைடுக்கு எத்தனை பாஸ் கொடுத்தீர்கள் என்று பூங்காவுக்கு மின்னஞ்சல் போட்டேன். அடுத்த முறை வரும்போது பயன்படுத்தச் சொல்லி ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது. அது பாஸுக்கான தள்ளுபடி!

மகள் நேற்று வாசலில் துண்டைக் குறுக்கே கட்டி, பொம்மைகளை நாலு நாலாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். கரடியின் தலையில் பச்சைக் காகிதத்தில் ஒரு தொப்பி. அது மட்டும் சாப்பாட்டு நேரம் வரை வெளியிலேயே நின்றது.