புதுப்பிப்பு: சென்னையில் எதிலும் ஒட்டாமல் இருந்தது, இப்போது எப்படி?

கோவில்பட்டியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்ததில் எங்கேயும் ஒட்டவில்லை, நான் யாரென்றே குழம்புகிறது என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திருவண்ணாமலை போகச் சொன்னவர்கள்தான் அதிகம். போனேன். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நெரிசல் இல்லை. ரமணர் 1916 வரை இருந்த விருபாட்ச குகையிலும் உட்கார்ந்தேன். மனசு லேசானது உண்மை. ஆனால் திங்கட்கிழமை ஆபீஸில் பழைய கதைதான்.

கைகொடுத்தது, டெலி மானஸ் எண் 14416-ஐச் சொன்ன அக்காவின் யோசனை. மத்திய அரசின் இலவச மனநலச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அறிவுரை மழை பொழிவார்கள் என்று நினைத்தேன், இல்லை. "யாரிடம் பேசும்போது யோசிக்காமல் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஊர் நண்பர்களிடம் மட்டும்தான்! ஆபீஸில் பூசி மெழுகிய தமிழ், பாதி ஆங்கிலம். அப்புறம் அங்கேயும் எங்க ஊர்ப் பேச்சையே பேச ஆரம்பித்தேன்.

எதிர்பாராதது: பக்கத்து டீமில் இருப்பவர் சாத்தூர்க்காரராம். இத்தனை நாள் அவரும் என்னைப் போலவே அடக்கி வாசித்திருக்கிறார். இப்போது மதியச் சாப்பாடு சேர்ந்துதான். கடலைமிட்டாயா, காராச்சேவா என்ற சண்டை மட்டும் தீரவில்லை.