மறு: ஸ்லாட் கேன்யனுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நீர் பாறையை அறுத்து உண்டாக்கிய மிகக் குறுகிய, ஆழமான வழியான ‘ஸ்லாட் கேன்யன்’ (slot canyon) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நம்மிடையே முன்வைக்கப்பட்ட ‘குறுங்கணவாய்’, ‘பிளவுப் பள்ளத்தாக்கு’, ‘விடர்’ ஆகிய மூன்றில் முதல் இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. கணவாய் என்பது மலைத்தொடரைக் கடந்து அப்பால் செல்ல உதவும் வழி. பள்ளத்தாக்கு என்றாலோ ஊரும் வயலும் கொள்ளும் அகலம்தான் மனத்தில் விரியும். ‘பிளவு’ என்பதும், நிலம் வெடித்து விலகியதால் உண்டான இடைவெளி என்ற எண்ணத்தையே தரும். அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பாலைநிலத்தில் நாம் காணும் ஸ்லாட் கேன்யன்கள் அவ்வாறு உருவானவை அல்ல; பாறையிலிருந்த விரிசல்கள் நீருக்கு முதலில் வழிகாட்டியிருக்கலாம் என்றாலும், மணலையும் கூழாங்கற்களையும் வாரிக்கொண்டு பாயும் மழைவெள்ளமே மணற்பாறையைத் தேய்த்து அறுத்து, அகலத்தைக் காட்டிலும் பல மடங்கு ஆழமான வழிகளாக அவற்றை ஆக்கியிருக்கிறது.

‘விடர்’ மலைப்பிளப்பையும் குகையையும் குறிக்கும் பழைய சொல். எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் காமுகனைக் குறிக்கும் ‘விடன்’ என்பதன் பன்மையும் அதுவே என்பதால், “விடருக்குள் நுழைந்தோம்” என்று ஒரு பயணக்குறிப்பில் படிப்பவர் சற்றே திகைக்கக்கூடும். அதைவிடப் பெரிய குறை, அச்சொல்லில் நீர் இல்லை என்பதாகும்.

நீரைச் சொல்லில் வைத்தாக வேண்டும் என நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் கீழ் ஆண்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தனர்; மழை கொட்டியது அவர்கள் நின்ற இடத்தில் அல்ல, பல மைல் தொலைவிலுள்ள மேட்டுநிலத்தில். அருகிலுள்ள மேல் ஆண்டிலோப் கேன்யனுக்கு அப்பகுதியின் பழங்குடியினரான நவாஹோ மக்கள் வழங்கும் பெயரும் ‘பாறைகளினூடே நீர் ஓடும் இடம்’ என்றே பொருள்படுகிறது.

ஆகவே ‘ஓடையிடுக்கு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வறண்டு கிடந்தாலும் ஓடை ஓடைதான் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘இடுக்கு’ என்ற சொல்லோ உடல் உணரும் நெருக்கத்தைச் சொல்கிறது. யூட்டாவின் எஸ்கலாண்டே பகுதியில் பீக்-அ-பூ என்ற ஓடையிடுக்கு வழியாக ஏறி, ஸ்பூக்கி என்ற மற்றோர் ஓடையிடுக்கு வழியாக இறங்குவோர், ஸ்பூக்கியின் சில இடங்களில் முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்து, மார்பு ஒரு சுவரிலும் முதுகு மறு சுவரிலும் உரச, பக்கவாட்டில் நகர்ந்தே செல்ல வேண்டும். அந்நிலையை ‘பள்ளத்தாக்கில் நடந்தார்கள்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அகராதிக்கான விளக்கம்: “மழைவெள்ளம் பாறையை அறுத்து உண்டாக்கிய, மிகக் குறுகிய, ஆழமான, செங்குத்துச் சுவர்களையுடைய வழி.”

இவ்விடங்களில் நடப்பதையும் ஏறுவதையும் பற்றி எழுதத் தேவைப்படும் துணைச்சொற்கள் சிலவற்றையும் இத்துடன் முடிவுசெய்துவிடலாம். புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியாகத் திரும்பும் நடைக்குச் ‘சுற்றுவழி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது நேர்வழியை விட்டு வளைத்துப் போவதைக் குறிக்கும். லிட்டில் வைல்டு ஹார்ஸ், பெல் ஆகிய இரு ஓடையிடுக்குகளை இணைக்கும் ஏறத்தாழ 13 கி.மீ. நடையை ‘வளையநடை’ எனலாம். கயிறின்றிக் கைகளையும் ஊன்றி ஏறும் எளிய ஏற்றத்துக்குத் ‘தொற்றியேறல்’ போதும். பீக்-அ-பூவின் வாயிலில், கால்வைக்கக் குழிகள் செதுக்கப்பட்ட பாறைச்சுவரில் ஏறுவது அத்தகையதே. இரு சுவர்களிலும் கைகால்களை எதிரெதிராக அழுத்தி மேலேறுவதற்கு ‘முட்டுக்கொடுத்தேறல்’ என்பதைவிடச் சிறிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நீளம் என்றாலும், உடல் என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

சுவர்களுக்கிடையே விழுந்து சிக்கி நிற்கும் பாறைக்கு வந்துள்ள ‘அடைகல்’ என்ற சொல்லை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். அது வழியை முற்றிலும் அடைப்பதில்லை. பல இடங்களில் அதற்கு அடியில் தவழ்ந்தே அப்பால் போகிறார்கள். ‘சிக்குகல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.